பெயர்ப்பட்டியல் கேட்டபோது நடந்தது: திருகோணமலையில் ஒரு அருங்காட்சியகப் பயணம்

பின்னணி

திருகோணமலை நகரில் சனிக்கிழமை மாலைகளில் கூடும் வாசிப்பு வட்டம் ஒன்றை மூன்று பேர் நடத்துகிறோம். நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். மற்றவர்களில் ஒருவர் இளம் ஆங்கில ஆசிரியர். இன்னொருவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், பிள்ளைகள் அவரை ஐயா என்று கூப்பிடுவார்கள். இந்தச் சம்பவம் நடந்தபோது வட்டத்தில் 27 உயர்தர மாணவர்கள் இருந்தார்கள். உவர்மலை, பாலையூற்று, உப்புவெளி, லிங்கநகர்ப் பக்கமிருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள்.

அந்தத் தவணையில் 'அரசுகள் இரகசியங்களை எப்படி அறிகின்றன' என்ற தலைப்பை எடுத்தோம். முதல் சனிக்கிழமை அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனமான சிஐஏயின் தலைமையகத்தையும் அருங்காட்சியகத்தையும் திரையில் சுற்றிப் பார்ப்பது. இரண்டாவது சனி சங்கேத எழுத்துப் பயிற்சி. மூன்றாவது சனி எங்கள் ஊரிலேயே கடற்படைத் தளத்துக்குள் குன்றின்மேல் இருக்கும் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகத்துக்கு நேரில் போவது. வேர்ஜீனியாவில் லாங்லியில் உள்ள அந்தத் தலைமையகத்துக்குள் பொதுமக்கள் போக முடியாது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகமும் பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. ஆனால் காட்சிப்பொருட்களின் படங்களையும் விளக்கங்களையும் நிறுவனமே இணையத்தில் போட்டிருக்கிறது. அதனால் புரஜெக்டர்.

லாங்லியைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிஐஏ 1947இல் உருவானது. அதற்கு முன்னோடி, 1942 ஜூனில் தொடங்கி 1945இல் கலைக்கப்பட்ட, உலகப்போர்க்கால அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். அதன் 404ஆம் பிரிவு கண்டியிலிருந்து இயங்கியது. பின்னாளில் சமையற்கலையால் உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்ட் அங்கேதான் ஆவணங்களைக் கையாளும் வேலை பார்த்தார். அந்தப் பிரிவு திருகோணமலைப் பக்கத்திலும் ஆட்களைப் பயிற்றியது. லாங்லியின் முன்மண்டபத்தில் சிலையாக நிற்கும் ஓ.எஸ்.எஸ். தலைவர் வில்லியம் டோனவனின் ஆட்கள் எங்கள் கடலில் நீந்திப் பழகியிருக்கிறார்கள் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்தார்கள்.

முதல் சனிக்கிழமை

முன்மண்டபச் சுவரில் பொறித்திருக்கும் வசனத்தை ஆங்கில ஆசிரியர் வாசித்து முடிக்குமுன்னே பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி தமிழில் சொல்லிவிட்டாள்: "சத்தியத்தையும் அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்." யோவான் 8:32. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் பிள்ளை.

பையன்களைப் பிடித்தது 1970களில் செய்த இயந்திரத் தும்பி. உளவு கேட்பதற்காகச் செய்து, காற்றடித்தால் சொன்ன பக்கம் பறக்காது என்பதால் களத்துக்கே போகாமல் போனது. முற்றத்தில் நிற்கும் கிரிப்டொஸ் என்ற செப்புச் சிற்பத்திலும் நீண்ட நேரம் நின்றோம். ஜிம் சான்போர்ன் செய்தது, 1990இல் வைக்கப்பட்டது. அதில் துளைத்த சங்கேத எழுத்துகளின் நான்கு பகுதிகளில் மூன்றை அந்தப் பத்தாண்டிலேயே உடைத்துவிட்டார்கள். வெறும் 97 எழுத்துகளைக் கொண்ட கடைசிப் பகுதி சிற்பம் வைத்த பிறகு முப்பது ஆண்டுகளுக்குமேல் பிடிகொடுக்கவில்லை.

எல்லாரும் அமைதியானது நினைவுச் சுவரைக் காட்டியபோது. வெள்ளைச் சலவைக்கல்லில் 130க்கு மேற்பட்ட நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் பணியில் இறந்த ஒருவருக்கு. கீழே ஒரு புத்தகம். அதில் சில நட்சத்திரங்களுக்கு நேரே பெயர் இல்லை, இடம் வெறுமையாக இருக்கிறது. பெயரை வெளியிட முடியாதவர்கள். "பெயர் சொல்ல ஏலாட்டியும் கணக்கில வச்சிருக்கிறாங்க" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

படிவம்

குழுவாகத் தளத்துக்குள் போவதால் முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் தரவேண்டும் என்று எங்களுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. அன்றிரவே நான் ஒரு கூகுள் படிவம் தயாரித்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, பெற்றோர் பெயர், பெற்றோர் தொலைபேசி, பாடசாலை என ஆறு விபரம் கேட்டிருந்தேன். மேலே தலைப்பு: 'சிஐஏ தலைமையகம், அருங்காட்சியகப் பயணம் – விபரத் திரட்டு'. வேறொரு விளக்கமும் எழுதவில்லை.

திங்கட்கிழமை இரவு எட்டரைக்குப் பிறகு ஒரு தாய் அழைத்தார். குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது.

"ரீச்சர், மகள் நிரப்பி அனுப்பினவள். அனுப்பின உடன கீழ ஒண்டு வருது, முந்தின பதில்களைப் பாருங்க எண்டு. அதை அமத்தினா எல்லாப் பிள்ளைகளிண்ட ஐடி நம்பரும் வருது. இது நீங்க தெரிஞ்சுதான் விட்டதோ?"

தெரிந்து விட்டதல்ல. அடுத்து எந்தப் புத்தகம் வாசிப்பது என்று வாக்கெடுக்க முன்பு ஒரு படிவம் செய்திருந்தேன். அதில் முடிவுகளை எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு தெரிவைத் திறந்துவைத்திருந்தேன். புதிதாகச் செய்யச் சோம்பல்பட்டு அதையே பிரதியெடுத்துக் கேள்விகளை மாற்றியதில் அந்தத் தெரிவும் கூடவே வந்துவிட்டது. அதற்குள் 14 பேர் நிரப்பியிருந்தார்கள். இணைப்பு இருந்த குழுவில் 61 இலக்கங்கள். பழைய மாணவர்கள், வெளிநாடு போனவர்கள், ஒரு தடவை பேச வந்துபோன விருந்தினர்கள் என்று யாரையும் நாங்கள் கழித்ததில்லை. நாங்கள் மூவரும் அன்றிரவு இருந்து பார்த்ததில் இரண்டு இலக்கங்கள் யாருடையவை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வேறு ஊரில் இது ஒரு தொழில்நுட்பத் தவறு என்ற அளவில் முடிந்திருக்கலாம். 2006 ஜனவரி 2 மாலை ஐந்து மாணவர்கள் கடற்கரையோரம் கொல்லப்பட்ட ஊர் இது. பிள்ளைகளின் பெயரும் முகவரியும் அடையாள இலக்கமும் ஒரே இடத்தில், அதுவும் 'சிஐஏ' என்ற பெயருக்குக் கீழே, யாரென்று தெரியாத இரண்டு பேர் பார்க்கக்கூடியதாகக் கிடக்கிறது என்றால் ஒரு வீட்டில் என்ன பேசுவார்கள் என்று நான் முதலே யோசித்திருக்க வேண்டும். நானும் இதே ஊரில் வளர்ந்தவள்.

அன்றிரவு எடுத்த முடிவு

உடனே செய்யவேண்டியதில் கருத்து வேறுபாடு இல்லை. படிவத்தை மூடினோம், பதில்களை அழித்தோம், அவை சேர்ந்திருந்த விரிதாளையும் குப்பைத்தொட்டி வரை போய் அழித்தோம், குழுவிலிருந்த செய்தியை எல்லோருக்கும் மறையும்படி நீக்கினோம், தெரியாத இரண்டு இலக்கங்களையும் குழுவிலிருந்து எடுத்தோம்.

பெற்றோருக்குச் சொல்வதா என்பதில்தான் வேறுபட்டோம். "ஒருத்தர்தான் கண்டிருக்கிறாங்க. சொன்னா மற்ற எல்லாரும் பயப்படுவாங்க" என்றார் ஆங்கில ஆசிரியர். உண்மையைச் சொன்னால், ஒரு மணி நேரம் நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த இலக்கம் உங்கட இல்ல பிள்ளை, அவங்கட. வீட்டுக்காரருக்குத் தெரியாம வீட்டுத் திறப்பைத் துலைச்சுப்போட்டுப் பேசாம இருக்க ஏலுமோ?" என்றார்.

பத்தரைக்கு நான் குழுவில் எழுதினேன். எந்த ஆறு விபரம், எத்தனை பேருடையது, எவ்வளவு நேரம், யார் பார்த்திருக்கலாம், என்ன அழித்தோம், தவறு யாருடையது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். விபரம் வெளியான 14 குடும்பங்களுக்கும் நாங்கள் மூவரும் பிரித்துத் தனித்தனியே அழைத்தோம். மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்து பேர் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்றார்கள். ஒரு தந்தை மகனை வட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்.

வீட்டுக்குப் போனது

செவ்வாய் முதல் வெள்ளி வரை பின்னேரங்களில் மறுத்த வீடுகளுக்கு நானும் ஐயாவும் போனோம். மனத்தை மாற்றப் போவதில்லை, கேட்கத்தான் போகிறோம் என்று போகுமுன்பே பேசிக்கொண்டோம். இரண்டு வீட்டில் தேநீர் தந்து, பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

வியாழக்கிழமை போனது எனக்குத் திங்கள் இரவு அழைத்த தாயின் வீடு. அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய தம்பி 2007இல் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கோப்பில் முறைப்பாட்டுப் பிரதிகள், ரசீதுகள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் தம்பியின் அடையாள அட்டையின் நிழற்பிரதி இருந்தது. மூல அட்டை அவரோடு போய்விட்டதால் பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று பதினெட்டு வருடம் எடுத்திருக்கிறார்கள். முகம் இருந்த இடம் முழுக்கக் கறுப்பு. காதின் விளிம்பு மாத்திரம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு எழுத்துமாக அட்டை இலக்கம் மட்டும் துலக்கமாக இருந்தது. மங்கும்போதெல்லாம் அவரே பேனையால் மேலே எழுதியிருக்கிறார்.

"கேட்கிற எல்லாருக்கும் இந்த இலக்கத்தைக் குடுத்துக் களைச்சுப்போனன் ரீச்சர். இனி என்ட பிள்ளையிண்டயும் குடுக்க எனக்கு ஏலாது."

நட்சத்திரங்களைப் பற்றி அன்று மெதுவாகச் சொன்ன மாணவி உள்கதவடியில் நின்றாள்.

எழும்பும்போது அந்தத் தாய் கேட்டார்: "உண்மையா உள்ள போறதுக்கு என்ன என்ன வேணும்? அவங்க இவ்வளவும் கேட்டவங்களோ, நீங்களா கேட்டதோ?"

என்னிடம் பதில் இல்லை. வெளியே வந்து வீதியோரத்தில் நின்றே கடற்படைத் தளத் தொடர்பாளருக்கு அழைத்தோம். தேவையானது இரண்டு: பெயர், அடையாள அட்டை இலக்கம். முகவரி, பெற்றோர் பெயர், தொலைபேசி, பாடசாலை நான்கும் நான் 'இருக்கட்டும், எதற்கும் உதவும்' என்று சேர்த்தவை. அவர்கள் கேட்காத நான்கை 27 பிள்ளைகளிடமும் கேட்டது நான்தான், வேறு யாருமில்லை.

இரண்டாவது சனிக்கிழமை

திட்டமிட்ட பாடத்தில் பாதியை ஒதுக்கிவிட்டு என் படிவத்தையே வெறுமையாகத் திரையில் போட்டோம். எந்தக் கேள்வி எதற்கு என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாக வெட்டினார்கள். ஐயா ஒரு கற்பனை அடையாள இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதினார்: 2008561 என்று தொடங்குவது. புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அப்படியானால் 561இல் 500 போக 61. இவர் 2008 மார்ச் 1இல் பிறந்த பெண். வகுப்பில் பலர் சட்டைப் பையிலிருந்து தங்கள் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் கையால் மறைத்துப் பார்த்தவர்களையும் கவனித்தேன்.

அதன் பிறகு தமிழில் சங்கேதம். உயிர்க்குறியை அப்படியே வைத்துக்கொண்டு மெய்யை மட்டும் வரிசையில் ஒன்று தள்ளினால் 'திருகோணமலை' என்பது 'நிலுஙோதயவை' ஆகும். ஒரு பையன் அரை நிமிடத்தில் பிடித்துவிட்டான். "ஙோ எண்டு தமிழில எங்க சேர் வருது? அது ககரமாத்தான் இருக்கும்." வராத எழுத்து வந்து நின்றால் அதுவே திறவுகோல். அங்கிருந்து எந்தெந்த எழுத்துத் தமிழில் அடிக்கடி வரும் என்று எண்ணத் தொடங்கி, நேரம் போனதே தெரியாமல் இருட்டிவிட்டது. இந்தப் பயிற்சியை வேறு ஆசிரியர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். காகிதமும் பென்சிலும் போதும்.

பயணத்துக்கான புதிய ஒழுங்கை அன்றே பெற்றோரிடம் எழுத்தில் கொடுத்தோம். காகிதப் பட்டியல், இரண்டு விபரம் மட்டும், பெற்றோர் முன்னிலையில் பிள்ளை தன் கையால் எழுதுவது. ஐயா நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார், எங்களிடம் பிரதி இருக்காது. அந்தப் பட்டியல் அங்கே எவ்வளவு காலம் இருக்கும் என்பதில் எங்களுக்கு அதிகாரம் இல்லை, அதற்கு நாங்கள் உறுதி தரமுடியாது என்றும் எழுதினோம். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்து, பிறகு விட்டோம். பட்டியலில் பெயர் வர விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி வைத்தோம். நகரில் ஒல்லாந்தர் காலக் கட்டடத்தில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் போகலாம். இரண்டு குழுவுக்கும் வேலைத்தாள் ஒன்றே.

பயண நாள்

குன்றுக்கு 16 பேர், நகர அருங்காட்சியகத்துக்கு 8 பேர், வராதவர்கள் 3 பேர். எட்டுப் பேரோடு அந்தத் தாயும் வந்தார். நாங்கள் அழைத்திருக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டவர், சீட்டு எடுக்கும்போது தனக்கும் ஒன்று எடுத்தார்.

குன்றில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 1814இல் இறந்த பிரித்தானியக் கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட்டின் பெயரைத் தாங்கிய இடம் அது. வழிகாட்டிய கடற்படை வீரர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல ஆங்கில ஆசிரியர் தமிழாக்கினார். நடுவில் அவரே தமிழ்ச் சொல் தேடித் தேடிப் பேசினார், பிள்ளைகள் எடுத்துக்கொடுத்தார்கள். துறைமுக வாய் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும் இடத்தில் நின்று 1942ஐப் பேசினோம்.

இரண்டு குழுவும் பேசிய கதை அதுதான். கொழும்பில் இருந்த பிரித்தானியச் சங்கேத உடைப்பாளர்கள், ஜப்பானியக் கப்பற்படை ஏப்ரல் முதலாம் திகதியை அண்டி இலங்கையைத் தாக்கும் என்று முன்னரே அறிந்திருந்தார்கள். பிரித்தானிய அட்மிரல் சமர்வில் தன் கப்பல்களைக் கடலில் நிறுத்திக் காத்திருந்தார். எதிரி வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் தேவைப்பட்டு அவர் மாலைதீவின் அட்டு தீவுத்தொகுதிக்கு விலகினார். ஜப்பானியர் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் தாக்கினார்கள். எச்சரிக்கை கிடைத்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய விமானந்தாங்கி ஹேர்மிஸ் மறுநாள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. தகவல் உண்மை, நாள்தான் பிசகியது. "அப்ப தெரிஞ்சிருந்ததால என்ன பிரயோசனம்?" என்று கேட்ட மாணவியோடு திரும்பும் வழியெல்லாம் விவாதம். கொழும்பிலும் திருகோணமலையிலும் துறைமுகம் நிறையக் கப்பல்களை எதிரி காணவில்லையே, அதுதான் பிரயோசனம் என்றான் ஒருவன். ஹேர்மிஸில் இருந்தவர்களிடம் போய்ச் சொல் என்றாள் அவள்.

பிறகு

பின்னேரம் இரண்டு குழுவும் கடற்கரையில் சேர்ந்து சாப்பிட்டபோது, குன்றுக்குப் போன பையன் ஒருவன் மற்றக் குழுவைப் 'பயந்தாங்கொள்ளிப் பக்கம்' என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். எட்டுப் பேரில் இரண்டு பேர் அதன் பிறகு அன்று பேசவில்லை. மாற்று வழி வைத்தது மரியாதைக்குரிய ஏற்பாடு என்று நாங்கள் நினைத்திருந்தோம். எந்த வீடு பட்டியலுக்கு மறுத்தது என்பதை எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடாகவும் அது ஆகிவிட்டது. இந்தச் சம்பவத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது படிவத்துக்கு அடுத்தபடியாக இதுதான். முதல் தவறு கவனக்குறைவால் வந்தது. இது மூவரும் இருந்து யோசித்துச் செய்தது.

அந்தப் பையனை ஐயா தனியே கூப்பிட்டுப் பேசினார். அவன் அடுத்த சனி அவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்டான்.

வெளியான விபரங்களால் யாருக்கும் தொல்லை வந்ததாக இதுவரை எவரும் சொல்லவில்லை. தெரியாத இலக்கங்களில் ஒன்று பழைய மாணவர் ஒருவரின் மாற்றிய இலக்கம் என்று பிறகு தெரிந்தது. மற்றது யாருடையது என்று இன்றைக்கும் தெரியாது.

மாற்றியதும் மாற்றப்போவதும்

தவணைக்கு ஒருமுறை வட்ஸ்அப் குழுவை வெறுமையாக்கிப் புதிதாகச் சேர்க்கிறோம். பிள்ளைகளின் அடையாள இலக்கத்தை இணையப் படிவத்தில் வாங்குவதே இல்லை. எந்தத் திரட்டுக்கும் முன்னால் 'யார் கேட்கிறார்கள், எதற்கு, யார் வைத்திருப்பார்கள், எப்போது அழியும்' என்று நான்கு வரி எழுதிப் பெற்றோருக்குக் கொடுக்கிறோம். பதில் தெரியாத வரியில் 'தெரியாது' என்றே எழுதுகிறோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான்: குறித்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் திரட்டுவது. எங்களைப் போன்ற சிறு குழுவுக்குச் சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பட்டியல் கேட்கும் இடத்துக்கு இனிக் குழுவாகப் போவதானால், ஒரு வீடு மறுத்தாலும் முழு வட்டமும் சீட்டு வாங்கிப் போகும் இடத்துக்கே போகும். யார் மறுத்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியவராது. ஆங்கில ஆசிரியருக்கு இதில் இன்னும் உடன்பாடு இல்லை. குன்றைப் பார்க்க ஆசைப்பட்ட 16 பேருக்கு இது நியாயமா என்று கேட்கிறார். அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இருந்தாலும் இந்த ஊரில் இப்போதைக்கு நான் இந்தப் பக்கம்தான் நிற்பேன்.

தலைப்பைக் கைவிடவில்லை. பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் அந்தத் தாயும் சொன்னார். அடுத்த தவணை லாங்லிப் பாடத்தை நடத்தும்போது நினைவுச் சுவருக்கு வந்ததும் அவருடைய மகளே எழும்பி விளக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

வட்டத்தை விட்டுப்போன மாணவனின் வீட்டுக்கு மூன்று தடவை போயிருக்கிறோம். தந்தை வாசலில் நின்றே பேசுவார், மரியாதையாகத்தான். கடைசித் தடவை போனபோது மகனிடமிருந்த வட்டத்தின் இரண்டு புத்தகங்களையும் பழைய பத்திரிகைத் தாளால் உறை போட்டுத் திருப்பித் தந்தார்.